பட்டினியா, மூப்பா?

திருப்போரூர் போன்ற கடலோர ஊர்களில் கார் பேட்டரி பெரும்பாலும் கத்திரி வெயிலில் கெடுகிறது. கெட்ட செய்தி மட்டும் ஐப்பசி மழையில்தான் வெளியே வருகிறது. மே மாதத்தில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, ஓடி நின்ற காரின் பானெட்டுக்குள் 60 டிகிரிக்கும் மேல் இருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் பழைய கணக்கு. பேட்டரிக்குள் நடக்கும் நல்ல வினைக்கும் கெட்ட வினைக்கும் அது பொதுவானது. நேர்த்தகட்டைத் தாங்கி நிற்கும் ஈயச் சட்டம் வேகமாக அரிக்கப்படுகிறது. அமிலத்திலிருந்து தண்ணீர் குறைகிறது. அப்போதும் வண்டி ஸ்டார்ட் ஆகிக்கொண்டுதான் இருக்கும். பிறகு மழை வந்து ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி ஆவியைப் போக்கும் ப்ளோயர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் நாட்களில், ஒரு காலை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம் வரும்.

“பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்.”

இந்தத் தீர்ப்பு பல நேரம் சரியாகவே இருக்கும். சரியில்லாதபோது வண்டிக்காரர் ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்துப் புதுப் பேட்டரி வாங்கிப் போடுவார். மூன்றாம் மாதம் அதே ‘டக்’ மறுபடி கேட்கும். ஏனென்றால், நின்றுபோன பேட்டரி எப்போதும் மூப்படைந்த பேட்டரியாக இருப்பதில்லை. அது பட்டினி கிடந்திருக்கலாம்: ஆல்டர்னேட்டர் ஊட்டவில்லை, அல்லது ஊட்டியதை இரவில் ஏதோ ஒன்று தின்றுவிட்டது. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நலமாக இருந்து, இடையிலுள்ள ஒரு இணைப்பு மின்சாரத்தைத் தடுத்திருக்கவும் கூடும். இவற்றைப் பிரித்துச் சொல்ல சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். ஓய்வில் ஒரு அளவு, செல்ஃப் அடிக்கும்போது ஒரு அளவு, என்ஜின் ஓடும்போது ஒரு அளவு. இந்த மூன்றையும் எடுக்காமல் எந்தப் பேட்டரியையும் கழற்றக் கூடாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பிரான்சின் காஸ்டன் பிளாந்தே 1859-இல் செய்து காட்டிய அமைப்பு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் ஈய டையாக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகித் தண்ணீர் மிஞ்சுகிறது. சார்ஜ் ஏற்றும்போது அது அப்படியே திரும்புகிறது. ஒரு அறை கிட்டத்தட்ட 2.1 வோல்ட் தரும். ஆறு அறைகளைத் தொடராகக் கோத்தால் 12.6.

அந்த 2.1 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை. ஈயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்கள். அவ்வளவு வலுவான இழுப்பில், உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீத வேகத்தில் இயங்குகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. உப்சாலா பல்கலைக்கழகத்தின் ராஜீவ் அஹூஜாவும் பின்லாந்தின் பெக்கா பியூக்கோவும் சக ஆய்வாளர்களும் 2011 ஜனவரியில் வெளியிட்ட கணக்கீட்டின்படி, 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை சார்பியல் விளைவால் மட்டுமே கிடைக்கிறது. ஈயத்துக்கு நேர் மேலே தனிம அட்டவணையில் இருக்கும் வெள்ளீயத்தை வைத்து இப்படியொரு பேட்டரி செய்ய முடியாததற்கும் அதுவே காரணம். கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, செல்ஃப் அடித்துக் கிளம்பும் ஒவ்வொரு புதுக் காரும் சார்பியலின் தயவில்தான் கிளம்புகிறது. எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த செய்திகளில் இது ஒன்று.

அதே 2011-இன் மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் சுனாமி புகுந்து மின்சாரம் முழுவதும் போனபோது, ஊழியர்கள் கார்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி வந்து, தொடராக இணைத்து, உலையின் அளவுமானிகளை இயக்கினார்கள். அணுமின் நிலையமுள்ள கல்பாக்கத்தை அருகில் வைத்திருக்கும் இந்தக் கடற்கரைக்காரர்கள் இந்தப் பழைய தொழில்நுட்பத்தை எளிதாக எண்ணிவிட வேண்டாம்.

இனி மீட்டர். முதல் அளவு ஓய்வில். வண்டியை நிறுத்தியவுடன் எடுக்கக் கூடாது. தகட்டின் மேற்பரப்பில் மட்டும் தங்கிய சார்ஜ் பொய்யாக உயர்த்திக் காட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் கதவு விளக்கு எரியும் முன் எடுப்பது நல்லது. மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் தொடுங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.8 என்றால் அநேகமாகக் காலி. நிறைவுக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். “12 காட்டுதே சார், நல்லாதானே இருக்கு” என்பது இந்தத் துறையில் மிக அதிகமாகச் சொல்லப்படும் தவறான வாக்கியம். சார்ஜ் ஏற்றிய பின்னும் 10.5 அளவிலேயே நின்றால், ஓர் அறை முழுதாக ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்தப் பேட்டரிக்கு மறுவாழ்வு கிடையாது.

மூடி கழற்றக்கூடிய பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் இன்னும் நேர்மையான சாட்சி. அது அமிலத்தின் அடர்த்தியையே அளக்கிறது. நிறைந்த அறையில் 1.265 அளவிலும், காலியான அறையில் 1.120 அளவிலும் நிற்கும். வெப்ப நாட்டுப் பேட்டரிகளில் அமிலத்தைச் சற்று நீர்க்க நிரப்புவதும் உண்டு. அதனால் எண்ணைவிட ஆறு அறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பாருங்கள். ஆறும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் பட்டினி. ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் 0.050 அல்லது அதற்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்த அறை கெட்டுவிட்டது. மூடிய பேட்டரிகளின் மேலிருக்கும் பச்சைக் கண் ஒரே ஒரு அறையைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரியும் செல்ஃப் அடிக்கும்போது சரிந்து விழலாம். அதனால்தான் இரண்டாவது அளவு. சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் அதற்கும் மேல். மீட்டரைப் பேட்டரி முனைகளிலேயே பிடித்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 9.6-க்குக் கீழே போனால், அது முதலில் நன்றாகச் சார்ஜ் ஆகியிருந்ததா என்று பாருங்கள். ஆகியிருந்தும் விழுகிறது என்றால் மூப்பு: தகட்டுப் பொருள் உதிர்ந்திருக்கும், ஈயச் சட்டம் அரித்திருக்கும், சல்பேட் இறுகியிருக்கும். சார்ஜே இல்லாமல் விழுகிறது என்றால், மெதுவான சார்ஜரில் ஓர் இரவு போட்டு மறுபடி அளந்த பிறகுதான் தீர்ப்பு.

மூன்றாவதாக ஒன்று நடக்கலாம். பேட்டரி முனையில் 12 வோல்ட் அசையாமல் நிற்கிறது. மோட்டார் மட்டும் சுற்றவில்லை. திருப்போரூர் வட்டாரத்துக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

ஊரிலிருந்து கிழக்கே நெம்மேலிப் பக்கம் சில கிலோமீட்டர் போனால் கடல். கோவளம், கேளம்பாக்கம் பக்கம் உப்பு விளைந்த மண். மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வந்து எல்லா உலோகத்தின் மீதும் படிய விடுகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூடத் தேவையில்லை. கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதாவது டெர்மினலில் படிந்த உப்பு ஒவ்வொரு இரவும் உப்புநீர்ப் படலமாகிறது, பகலில் காய்கிறது, மறு இரவு மீண்டும் நனைகிறது. பேட்டரி விடும் அமில ஆவியும் அதோடு சேர்ந்துகொள்ள, கிளாம்ப்பைச் சுற்றி வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூக்கிறது. வெள்ளை ஈய சல்பேட், நீலப்பச்சை செப்பு சல்பேட். கண்ணுக்குத் தெரியும் பூப்பைவிட, ஈய முனைக்கும் கிளாம்ப்புக்கும் இடையே தெரியாமல் படியும் மெல்லிய படலம்தான் ஆபத்தானது.

எவ்வளவு ஆபத்து என்று ஓம் விதியைக் கேட்போம். அந்தப் படலத்தின் மின்தடை வெறும் 0.01 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ 1 ஆம்பியர் எடுக்கும்போது இழப்பு 0.01 வோல்ட், யாருக்கும் தெரியாது. உள்விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, எல்லாம் சுகம். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் கேட்கும் நொடியில் அதே படலம் 1.5 வோல்ட்டை விழுங்கிவிடுகிறது. தடை 0.03 ஓம் ஆனால் மோட்டார் சுற்றவே சுற்றாது. “லைட் எல்லாம் எரியுது, செல்ஃப் மட்டும் எடுக்கல” என்ற புகாருக்குப் பின்னால் மிகப் பல நேரம் இருப்பது இதுதான். இதைக் கண்டுபிடிக்கும் வழி அழகானது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய முனை மீதும், மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மீதும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை, இடையே வோல்ட்டே இருக்கக் கூடாது. 0.1-க்கு மேல் காட்டினால் குற்றவாளி அங்கேயே இருக்கிறான். அதே சோதனையை எதிர்முனைக்கும் என்ஜின் உலோகத்துக்கும் இடையே செய்தால் எர்த் கேபிளின் நிலை தெரியும். கடலோரக் கார்களில் எர்த் கேபிள் பாடியோடு சேரும் போல்ட் துருப்பிடித்திருப்பதை முதலில் சந்தேகிக்க வேண்டும்; அதற்கு முன் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற வேண்டாம்.

சுத்தம் செய்வது எளிது. எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீர் அமிலத்தை முறிக்கும். அது அறைகளுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலோகம் மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டிய பின் மேலே வாஸ்லின் தடவுங்கள். பேட்டரியின் மேல்மூடியையும் துடைத்துவிடுங்கள். துடைப்பதற்கு முன் ஒரு சோதனை: மீட்டரின் கறுப்பு முனையை எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையைப் பிளாஸ்டிக் மூடியின் மேல் நகர்த்திப் பாருங்கள். அழுக்கேறிய மூடியில் மீட்டர் வோல்ட் காட்டும். அந்த உப்புப் படலத்தின் வழியாகப் பேட்டரி இரவும் பகலும் கசிந்துகொண்டிருக்கிறது.

என்ஜின் ஓடும்போது எடுக்கும் அளவு ஆல்டர்னேட்டரின் சோதனை. நம் மெக்கானிக்குகள் இன்றும் இதை டைனமோ என்றே சொல்கிறார்கள். உள்ளே சுற்றும் மின்காந்தம் மூன்று கட்ட மாறுமின்சாரத்தை உண்டாக்க, ஆறு டையோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. ரெகுலேட்டர் மின்காந்தத்துக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கிறது. பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் நலம். சூடான நாட்களில் ரெகுலேட்டர் கொஞ்சம் தாழ்த்தியே வைக்கும். என்ஜின் ஓடியும் 12.5-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஊட்டம் இல்லை: பெல்ட் நழுவுகிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா, பின்னாலிருக்கும் கனெக்டர் துருப்பிடித்ததா என்று வரிசையாகப் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி கொதித்துத் தண்ணீரை இழக்கும், கெட்ட முட்டை நாற்றம் வரும். அந்த வண்டியில் புதுப் பேட்டரியைப் போட்டால் அதையும் அது கொன்றுவிடும்.

ஆனால் புதிய கார்களில் ஒரு எச்சரிக்கை. எரிபொருள் மிச்சப்படுத்த, பல மாடல்களில் கணினியே ஆல்டர்னேட்டரை அவ்வப்போது ஓய்வெடுக்க வைக்கிறது. அப்போது ஓடும் என்ஜினிலும் 12.7 காட்டலாம். ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் போட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து, வோல்ட் ஏறுகிறதா என்று கவனித்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

ஒரு டையோடு மட்டும் கெட்டால் வோல்ட் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும், நோய் மறைந்திருக்கும். மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி அளந்தால் 0.5 வோல்ட்டுக்கு மேல் அலை தெரியும். ஷார்ட் ஆன டையோடு இரவில் பேட்டரியையும் வடிக்கும். என்ஜின் நின்று பல மணி நேரமான பின்னும் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதன் அடையாளம்.

பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) தினமும் வேலைக்குப் போகிறவர்களின் வண்டியில் எதுவுமே கெடாமல் பட்டினி நேரலாம். ஆல்டர்னேட்டரின் மேல் 80 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், அது என்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான். ஐடிலிங்கில் பாதிகூடக் கிடைக்காது. சூட்டில் இன்னும் குறையும். மெட்ரோ வேலைகளால் சாலை குறுகி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் மாலையில் ஏசி ப்ளோயர், ரேடியேட்டர் மின்விசிறி, ஹெட்லைட், வைப்பர், போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து 40 ஆம்பியரை எளிதில் தாண்டும். மிச்சத்தைப் பேட்டரி தருகிறது. ஒரு செல்ஃபுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்: 150 ஆம்பியர் 2 நொடி என்றால் 0.08 ஆம்பியர்-மணிதான். பேட்டரியைக் கரைப்பது, கொடுத்த மின்சாரம் தினமும் திரும்பக் கிடைக்காத அந்த ஊர்தல் நேரம்தான். அரைகுறைச் சார்ஜிலேயே வாழும் தகடுகளில் ஈய சல்பேட் பெரிய படிகங்களாக இறுகுகிறது. பிறகு சார்ஜ் ஏற்றினாலும் கரைய மறுக்கிறது. பட்டினி மூப்பாக மாறும் வழி இதுதான். வாரம் ஒருமுறையாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் முக்கால் மணி நேரம் தடையில்லாமல் ஓட்டுவது அந்தப் பேட்டரிக்கு மருந்து.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் என்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது. “ஆஃப் ஆகலேன்னா டைனமோ நல்லா இருக்கு” என்பார்கள். கார்பரேட்டர் காலத்து வண்டியில் அது பிழைத்துப் போனது. பேட்டரி திடீரென்று விலகினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணம் 60-க்கும் மேலே துள்ளக்கூடும். என்ஜின் கணினியும் ஏ.பி.எஸ். கணினியும் அதைத் தாங்காமல் போகலாம். அவற்றின் விலையில் பல பேட்டரிகள் வாங்கலாம். உங்கள் வண்டியில் யாரும் இதைச் செய்ய விடாதீர்கள்.

கடைசியாக, நின்றிருக்கும்போது நடக்கும் திருட்டு. அணைத்துப் பூட்டிய காரும் மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும்: அலாரம், கடிகாரம், ரிமோட் சாவிக்குக் காத்திருக்கும் ரிசீவர். 50 மில்லி ஆம்பியர் வரை ஏற்கத்தக்கது என்பது பொது அளவு. அதுவே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் பரவலான 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். 2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியது. முதல் இரண்டு கட்டங்கள் மே 3 வரை, 40 நாட்கள். 40 × 1.2 = 48. எந்தக் கோளாறும் இல்லாத கார்கள்கூட அந்த நாற்பது நாளில் படுத்துவிடும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரிகள் சல்பேட் இறுகிப்போய், சார்ஜ் ஏற்றியும் எழவில்லை. வெளியூர் போகும்போது எதிர்முனையைக் கழற்றி வைப்பது இதற்கு எளிய தீர்வு.

பின்னால் பொருத்திய டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி, ஆம்ப்ளிஃபையர் போன்றவை இந்த 50-ஐப் பல மடங்காக்கலாம். சந்தேகம் இருந்தால் எதிர்முனை கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கார் கணினிகள் உறங்க அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருங்கள். அதற்குள் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் எரிந்துவிடும். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்தபோது எண் சட்டென்று விழுகிறதோ, திருடன் அந்த வழியில் இருக்கிறான்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கடலோரக் கிணற்று நீரில் குளோரைடு அதிகம். அது நேர்த்தகட்டின் ஈயத்தை அரிக்கும். ஆர்.ஓ. தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டருக்கு ஈடாகா; ஏசி நீரில் செம்பும் அலுமினியமும் தூசியும் கலந்திருக்கும். தகடு மூழ்கும் அளவுக்கு ஊற்றினால் போதும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும்; காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஜம்பர் கேபிள் போடும்போது கடைசி இணைப்பை, படுத்த வண்டியின் பேட்டரியில் மாட்டாமல் தள்ளியிருக்கும் என்ஜின் உலோகத்தில் மாட்டச் சொல்வது இதனால்தான்.

இவ்வளவுக்கும் பிறகு மூப்பு என்று உறுதியானால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் கடைக்காரரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஓய்வில் எவ்வளவு, செல்ஃபில் எவ்வளவு, புதுப் பேட்டரி போட்ட பின் ஓடும் என்ஜினில் எவ்வளவு. பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். பழைய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அது திறந்தவெளியில் உடைக்கப்பட்டால் அமிலம் மண்ணில் இறங்கும். ஈயத்தூள் குழந்தைகளின் மூளையைத் தாக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன. கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அதற்கான விலைக் கழிவைக் கேட்டு வாங்குங்கள்.